வானொலியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து வீடு திரும்பிவிட்டீர்கள் என்று அறிந்து மனம் நிறைந்தது. இங்கும் அனைவரும் நலம்.

உங்கள் கைவானொலியின் பேட்டரி கனெக்டர் பிய்ந்துவிட்டதென்றும், கடைக்காரர் புதிதாக வாங்கச் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். கூலியே புது வானொலியின் விலையை எட்டிவிடும் என்பதால் அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால், நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பேட்டரிக்கோ உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகைக்கோ பெரிய கேடு எதுவும் தெரியவில்லை. பேட்டரி ஒயரைச் செருகும் வெள்ளை நிறச் சிறு சாக்கெட்டின் ஒரு கால், அடியிலிருந்த செம்புப் பட்டையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டை போனாலும் அதிலிருந்து புறப்படும் செம்புத் தடம் பலகையில் அப்படியே இருக்கிறது. அதன் மேலுள்ள பச்சைப் பூச்சைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்ததும் ஃபிளக்ஸ் என்னும், ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசையைத் தடவி, பற்றவைக்கும் ஈயம் பூசி, மெல்லிய ஒயர் ஒன்றால் சாக்கெட்டின் காலோடு இணைத்துவிட்டால் மின்சாரம் பழைய வழியிலேயே போகும். அறுபது பங்கு வெள்ளீயமும் நாற்பது பங்கு காரீயமும் கலந்த ஈயம் சுமார் 190 டிகிரி செல்சியஸிலேயே உருகுவதால் இந்த வேலைக்கு அதுதான் தோது. காரீயம் கலக்காத வகை உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும், அந்தக் கூடுதல் சூட்டில் மிச்சமிருக்கும் பட்டையும் கிளம்பிவிடக்கூடும். சால்டரிங் அயர்னை இரண்டு மூன்று நொடிக்கு மேல் ஓரிடத்தில் வைக்கக் கூடாது.

எனக்குக் கவலையெல்லாம் பேட்டரியைப் பற்றித்தான். அது லித்தியம் வகை. புதுக் கனெக்டர் மாட்டுவதற்காக அதன் இரண்டு ஒயர்களையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினால் கத்தரிக்கோலே இரண்டையும் இணைத்து ஷார்ட் ஆக்கிவிடும். ஆகையால் ஒன்றை வெட்டி, முனையில் டேப் சுற்றிய பிறகே மற்றதைத் தொட வேண்டும். பேட்டரி சற்றேனும் உப்பியிருந்தால் அதைச் சரிசெய்ய முயலாமல் வேறு பேட்டரி வாங்குவதே நல்லது.

இன்னொன்று. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இந்த இருமுனைக் கனெக்டரை சென்னையில் மின்னணுப் பொருள் விற்கும் ரிச்சி தெருவில், ஜே.எஸ்.டி. என்ற அதன் வகைப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே தருவார்கள். ஆனால் சிவப்பு ஒயர் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைக்கிறார்கள். கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று நம்பிச் செருகி, பிளஸும் மைனஸும் மாறிவிட்டால், உள்ளே இருக்கும் சிப் நொடியில் கருகிவிடக்கூடும். எது பிளஸ், எது மைனஸ் என்று மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் செருக வேண்டும். அளவு 3.7 வோல்ட்டை ஒட்டியிருக்கும். முழுச் சார்ஜில் 4.2 வரை காட்டும்.

வேலை முடிந்ததும் சாக்கெட்டைச் சுற்றி எபாக்சிப் பசை ஒரு துளி வைத்துவிட்டால், இழுவையைப் பற்றவைப்பு தாங்க வேண்டியிராது. கழற்றும்போதும் ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் உடலைப் பிடித்து அசைத்து எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கனெக்டர்கள் பிய்வது இந்த ஒயர் இழுப்பால்தான்.

கண் ஆறும்வரை நீங்கள் இதில் கைவைக்க வேண்டாம். அடுத்த மாதம் திருமணத்துக்கு உங்கள் ஊர் வரும்போது கருவிகளோடு வந்து நானே செய்து தருகிறேன். அதுவரை பேட்டரி ஒயர் முனைகளில் தனித்தனியே டேப் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். பலகையில் கனெக்டர் இருந்த இடத்தருகே கூட்டல் குறி அச்சாகியிருக்கிறதா என்று பேரனைப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்