யாரையாவது கேளு அம்மு, தனியா உக்காந்து முட்டிக்காத

அம்மு,

நேத்து ராத்திரி நீ போன்ல சொன்னது இன்னும் காதுலயே இருக்கு. மூணு நாளா ஒரே எர்ரர்ல மாட்டிக்கிட்டு இருக்கேன்மா, எல்லாரும் பிஸியா இருக்காங்க, யாரைப் போய் கேக்கறதுன்னே தெரியலன்னு சொன்னியே, அதான். போன்ல சொன்னா சரிமா சரிமான்னு வெச்சிடுவ, அதனால உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி.

நானும் இதுல அடிபட்டவதான். 2020ல எங்களை எல்லாம் வீட்டுல இருந்து வேலை பாக்கச் சொன்னப்ப எனக்கு அக்கவுண்ட்ஸ்ல 25 வருஷ சர்வீஸ், நமக்குத் தெரியாததான்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. முதல் மாசக் கடைசியிலயே கணக்கு டேலி ஆகல, 180 இடிக்குது. ரெண்டு ராத்திரி 12 மணி வரைக்கும் ஒவ்வொரு என்ட்ரியா பாத்துக்கிட்டே இருந்தேன், ஒருத்தருக்கும் போன் பண்ணல, அவங்க வீட்லயும் ஆயிரம் வேலை இருக்கும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு. மூணாவது நாள் என் சீனியர் அவராவே கூப்பிட்டு என்னம்மா ஆச்சுன்னு கேட்டாரு. சொன்னேன். வித்தியாசம் 9ஆல வகுபடுதான்னு பாத்தியாம்மான்னாரு. 180 வகுபடுது. அப்படி வகுபட்டா ரெண்டு நம்பர் இடம் மாறி விழுந்திருக்கான்னுதான் முதல்ல தேடணும், 4,680ஐ 4,860ன்னு அடிச்சிருந்தேன், பத்து நிமிஷத்துல கெடச்சிடுச்சு. இது எனக்குத் தெரியாத விஷயமே இல்ல அம்மு, தனியா உக்காந்து பதறினதுல சுத்தமா மறந்து போச்சு.

ஆபீஸ்ல இருந்திருந்தா என் மூஞ்சியைப் பாத்தே முதல் நாளே கேட்டிருப்பாரு. வீட்டுல இருந்து வேலை பாக்கறப்ப நம்ம மூஞ்சி யாருக்கும் தெரியாது, நாமதான் வாயைத் திறக்கணும்.

அரை மணி நேரம் முட்டிப் பாரு, முடியலன்னா கேட்டுடு. கேக்கறதுலயும் ஒரு முறை இருக்கு, சும்மா ஹாய்னு போட்டுட்டு பதிலுக்குக் காத்துட்டு இருக்காத, அவங்க ஒரு மணி நேரம் கழிச்சுதான் பாத்துட்டு 'சொல்லுங்க'ன்னு போடுவாங்க, அதுக்குள்ள நீ எழுந்து போயிருப்ப, பாதி நாள் இதுலயே ஓடிடும். ஒரே மெசேஜ்ல எல்லாத்தையும் போடு, இந்த வேலை பண்றேன், இந்த எர்ரர் வருது, இது ரெண்டும் பண்ணிப் பாத்துட்டேன், நாளை மதியத்துக்குள்ள முடிக்கணும், 10 நிமிஷம் பேச முடியுமான்னு. அப்படி எழுதறப்பவே பல தடவை நமக்கே பதில் தெரிஞ்சிடும், எனக்கு எத்தனையோ தடவை ஆயிருக்கு.

இன்னொண்ணு, இது உனக்குத் தெரியணும். நிக்கோலஸ் ப்ளூம்னு ஸ்டான்ஃபோர்டுல ஒரு பொருளாதாரப் பேராசிரியர், சீனாவுல இப்ப ட்ரிப்.காம்னு பேரு இருக்கற பயண கம்பெனியில ரெண்டு தடவை ஆராய்ச்சி பண்ணாரு. முதல் தடவை கால் சென்டர்ல, வீட்டுல இருந்து வேலை பாத்தவங்க 13 சதவீதம் கூடுதலாவே வேலை பாத்தாங்க, ஆனா அந்த வேலைக்கு ஏத்த அளவு ப்ரமோஷன் அவங்களுக்குக் கெடைக்கல. ரெண்டாவது தடவை 1,612 பேரை வெச்சு, ஒரு பகுதிக்கு முழுக்க ஆபீஸ், மத்தவங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் வீடு மூணு நாள் ஆபீஸ்னு, உன் மாதிரியே. 2024ல அந்த முடிவு வந்துச்சு. ப்ரமோஷன்லயும் வேலைத் தரத்துலயும் வித்தியாசமே இல்ல, வேலையை விட்டுப் போறவங்க மூணுல ஒரு பங்கு குறைஞ்சுட்டாங்க. எனக்கு இதுல புரியறது என்னன்னா வீட்டுல இருக்கறது தப்பே இல்ல, ஆனா முழுசா கண்ணுல படாம போயிடக்கூடாது. அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் மேனேஜருக்கு நாலு வரி அனுப்பு, இந்த வாரம் என்ன முடிஞ்சுது, எது நிக்குது, எதுக்கு அவர் உதவி வேணும்னு. பீத்திக்கற மாதிரி இருக்கும்னு நெனைக்காத, அவருக்கு இது தேவை, நீ சொல்லலன்னா அவருக்கு எப்படித் தெரியும் சொல்லு.

ஆபீஸ் போற மூணு நாளும் நீ ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு வீட்டுல பண்ற வேலையையே அங்க பண்றன்னு சொன்ன, அதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. தனியா யோசிச்சுப் பண்ற வேலையை வீட்டு நாளுக்கு ஒதுக்கி வை. அங்க போனா ஆளுங்களோட பேசு, புது வேலை எப்படிப் போகுதுன்னு கேளு, தெரிஞ்சவங்க பக்கத்துல உக்காந்து அவங்க எப்படிப் பண்றாங்கன்னு பாரு. நீ சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் கூட ஆகல, இப்ப கண்ணால பாத்துக் கத்துக்கறதுதான் நாளைக்கு உன் கையில நிக்கும். நம்மள விட்டுத் தூரமா உக்காந்திருக்கறவங்களோட நாம பேசறதே கொறஞ்சிடும்னு தாமஸ் ஆலன்னு எம்ஐடி பேராசிரியர் 1970கள்லயே அளந்து காட்டிட்டாரு, ஒரே கட்டடத்துக்குள்ளயே அப்படி, அப்ப வீட்டுல இருந்தா எவ்வளவு கொறையும் பாரு.

மீட்டிங்ல பாதி பேர் ரூம்லயும் பாதி பேர் ஸ்க்ரீன்லயும் இருந்தா ஸ்க்ரீன்ல இருக்கறவங்க வாயே திறக்க முடியாது. நீ ரூம்ல இருக்கற நாள்ல அவங்களையும் பேர் சொல்லிக் கேளு, உங்களுக்கு எப்படித் தோணுதுன்னு. நாளைக்கு நீ வீட்டுல இருக்கறப்ப உனக்கும் யாராவது அப்படிக் கேப்பாங்க.

கட்டில்ல சாஞ்சுக்கிட்டு லேப்டாப் பாக்கறத விட்டுடு. கழுத்து வலிக்குதுன்னு போன வாரமே சொன்ன. புத்தகத்தை அடுக்கி அது மேல லேப்டாப்பை வெச்சு ஸ்க்ரீனைக் கண்ணுக்கு நேரா கொண்டு வா, தனி கீபோர்டு ஒண்ணு வாங்கிக்கோ. வேலை முடிஞ்சதும் லேப்டாப்பை மூடி வேற ரூம்ல வெச்சிடு, ராத்திரி 11 மணிக்கு வர்ற மெசேஜுக்குப் பதில் போடாத, காலையில போட்டா போதும்.

அந்த எர்ரரை நாளைக்குக் காலையிலயே யாரையாவது கேட்டுடு. என்னாச்சுன்னு எனக்கும் ஒரு மெசேஜ் போடு, எந்த நேரமா இருந்தாலும் பரவால்ல, நான் முழிச்சுட்டுதான் இருப்பேன்.

அம்மா