அவருக்கு இன்னும் எது கைவருகிறது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநோய் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் அறிகுறிகளை அடுக்கிவிட்டு, மருத்துவரைப் பாருங்கள் என்று முடிந்துவிடுகின்றன. மருத்துவரைப் பார்த்து, மாத்திரையும் சாப்பிட்டு, யாரும் பேசாதபோதும் காதில் கேட்கும் குரல்கள் ஓரளவு அடங்கிய பிறகும் பாயை விட்டு எழாமல் கிடக்கும் ஒருவரை என்ன செய்வது? இங்கே மியன்மாரில், யாங்கோனிலும் மோல்மீன், தட்டோன் பக்கத்து ஊர்களிலும் குடும்பங்கள் தவிப்பது இந்தக் கட்டத்தில்தான். "சோம்பேறி" என்ற வசவு விழுவதும் இப்போதுதான்.

அந்த வசவு நோயை வளர்க்கிறது. இப்படிக் குரல்கள் கேட்கவைக்கும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வந்த பலரை முடக்கிப்போடுவது, 'முயன்றாலும் தோற்கத்தானே போகிறேன்' என்ற எண்ணம். முடக்கும் எண்ணங்களைச் சோதித்து மாற்றப் பழக்கும் அறிதல் சிகிச்சையைத் தொடங்கிவைத்த, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக்கின் குழு இதைத்தான் குறிவைத்தது. நோயால் மிகவும் முடங்கியிருந்த 60 பேரிடம் 18 மாதம் நடத்திய ஆய்வை 2012இல் வெளியிட்டார்கள். வழக்கமான மருத்துவத்தோடு இந்தச் சிகிச்சையும் பெற்றவர்கள் அன்றாட வாழ்வில் கூடுதலாகத் தேறினார்கள். அதே ஆண்டு கிறிஸ்டின் படெஸ்கி, கேத்லீன் மூனி என்ற உளவியலாளர்கள் பலத்திலிருந்து தொடங்கும் முறையை நான்கு படிகளாக வகுத்தார்கள்: பலத்தைத் தேடுவது, அதிலிருந்து உதவி பெறுபவருக்கே உரிய வழியை எழுதுவது, அதைச் சிக்கலுக்குப் பொருத்துவது, பழகுவது.

பெரும்பாலோர் சறுக்குவது முதல் படியில். "உனக்கு என்ன திறமை?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பார். "பத்தாவதுல முதலா வந்தியே" என்றால் இழந்தது நினைவுக்கு வந்து இன்னும் சுருங்குவார். நோயோடு ஒட்டாத, இன்றும் தானே விரும்பிச் செய்கிற ஒன்றைக் கேளுங்கள். ஓர் இளைஞர் மாலையில், வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் தட்டும் சின்லோன் ஆட மட்டும் தெருவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பந்தைப் பற்றியே நிதானமாகக் கேளுங்கள். பந்து தவறினால் என்ன செய்வார்? "பக்கத்துல நிக்கிறவன் எடுத்துக் குடுப்பான். முதல்ல முழங்கால்ல லேசாத் தட்டுவேன். எத்தனை தடவை விழுந்துச்சுன்னு எண்ண மாட்டேன்."

மூன்று வரியில் அவருடைய வழி வந்துவிட்டது. அவர் சொன்ன சொல்லிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். நம் சொல்லில் திருத்தினால் அது அவருடையதாக இருக்காது. பிறகுதான் சிக்கலுக்கு வரவேண்டும். டீக்கடைக்குப் போக அச்சம் என்றால், 'முழங்கால்ல லேசாத் தட்டுவது' அங்கே எது? கூட்டமில்லாத நேரத்தில் பத்து நிமிடம் உட்காருவதாக இருக்கலாம். பந்தை எடுத்துக் கொடுப்பவர்? உடன் வரும் அண்ணன்.

போகுமுன் என்ன நடக்கும் என்று நினைக்கிறார் என எழுதவேண்டும், வந்தபின் என்ன நடந்தது என்றும். குரல் கேட்கவே கூடாது என்பதை இலக்காக வைத்தால் முதல் நாளே தோல்விதான். குரல் கேட்டபோது தன் வழியைக் கையாண்டாரா என்பதே கணக்கு. பத்து நிமிடம் தாங்கவில்லையா, ஐந்தாக்குங்கள். ஒரு நாள் நன்றாகப் போனதும் மறுநாளே கல்யாண வீட்டுக்கு இழுத்துப்போகாதீர்கள்; பல வாரத்து உழைப்பு அங்கேதான் வீணாகிறது.

மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் செய்யக்கூடாது. தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருப்பவருக்கும், சாவைப் பற்றிப் பேசுபவருக்கும் முதலில் மருத்துவரே தேவை.

நம் கோயில் நிர்வாகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பூத்தொடுக்க, அன்னதானத்துக்குக் காய் நறுக்க, செருப்பு வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஆள் தேவைப்படுகிறது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், இப்படிப்பட்ட ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுங்கள். ஒரு வாரம் வராவிட்டாலும் அடுத்த வாரம் அந்த இடம் அவருக்காகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மனநல உதவிப் பணியாளர்கள்,
யாங்கோன்