கலை வரலாறு படிக்கப் போகும் என் அக்கா மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

பள்ளியில் எடுத்த கலை வரலாற்றையே பல்கலைக்கழகத்திலும் படிக்கப் போகிறாய் என்று அக்கா சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்களாமே. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது நீ படைப்பின் பெயர், படைத்தவர், ஆண்டு, பாணி என்று மனப்பாடம் செய்கிறாய். தேர்வுக்கு அது வேண்டும்தான். பல்கலைக்கழகத்தில் வேறொரு கேள்வி வரும்: "அது உனக்கு எப்படித் தெரியும்?" மூன்று வருடமும் இந்தக் கேள்வியோடுதான் ஓடும்.

யான் வான் எய்க் என்ற ஓவியர் 1434-ல் வரைந்த அர்னால்ஃபினி ஓவியத்தை எடுத்துக்கொள். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்து நிற்கிறார்கள். பின்சுவரில் குவிந்த கண்ணாடி. அதில் அவர்களுடைய முதுகும், வாசலில் நிற்கும் வேறு இரண்டு பேரும் தெரிகிறார்கள். கண்ணாடிக்கு மேலே, 'யான் வான் எய்க் இங்கே இருந்தார், 1434' என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. இது திருமணத்துக்குச் சாட்சியாக வரையப்பட்டது என்று எர்வின் பனோஃப்ஸ்கி என்ற கலை வரலாற்றறிஞர் 1934-ல் வாதிட்டார். பகலிலும் எரியும் ஒற்றை மெழுகுவத்தி, காலடியில் நிற்கும் நாய் எல்லாவற்றுக்கும் அவரிடம் பொருள் இருந்தது. நாய் என்றால் விசுவாசம். இன்றும் பல பாடக்குறிப்புகளில் இதுதான் இருக்கிறது.

ஆனால் படத்தில் இருப்பவர் என்று நம்பப்பட்ட அர்னால்ஃபினிக்குத் திருமணமானது 1447-ல் என்று 1990களில் ஓர் ஆவணம் காட்டிக்கொடுத்தது. ஓவியரோ 1441-லேயே இறந்துவிட்டார்! அகச்சிவப்பு முறையில் வண்ணத்துக்கு அடியில் பார்த்தபோது, முதலில் போட்ட கோட்டோவியத்தில் அந்த நாயே இல்லை. பிற்பாடு சேர்த்திருக்கிறார். அப்படியானால் படத்தில் இருப்பது யார்? அதே குடும்பத்தில் அதே பெயர் கொண்ட இன்னொருவராக இருக்கலாம் என்பது இப்போது பலரும் ஏற்கும் கருத்து. ஆனாலும் விவாதம் முடியவில்லை. பனோஃப்ஸ்கியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்காதே. அவர் படத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்ததால்தான் மற்றவர்களால் அவரோடு மல்லுக்கட்ட முடிந்தது.

அதனால் உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான்: படிப்பதற்கு முன்னால் பார். ஏதாவது ஒரு படைப்பின் முன் அரை மணி நேரம் உட்கார். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள், உன் கண் முதலில் எங்கே போய் நிற்கிறது என்று எழுது. 'அழகு', 'அற்புதம்' என்ற சொற்கள் வேண்டாம். எழுதி முடித்த பிறகு புத்தகத்தைத் திற. முடிந்தால் புகைப்படத்தில் இல்லாமல் நேரிலேயே பார். படைப்பின் அளவையும் வண்ணப்பூச்சின் தடிமனையும் திரை உனக்குச் சொல்லாது.

சேர்க்கையைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. பெரும்பாலான பள்ளிகளில் இந்தப் பாடமே கிடையாது என்பதால், பல துறைகள் முதல் வருடத்தில் அடிப்படையிலிருந்துதான் தொடங்குகின்றன. வரலாறும் இலக்கியமும் நன்றாகப் படித்தவர்களையும் எடுத்துக்கொள்வார்கள். உனக்கு வரைய வராதே என்று பாட்டி கவலைப்பட்டாராம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இப்போதே ஒரு புது மொழியைத் தொடங்கிவிடு. மேற்படிப்புக்குப் போனால் அதன் அருமை தெரியும்.

சரி, வேலை. அருங்காட்சியகம், ஏல நிறுவனம், பதிப்பகம் எல்லாம் உண்டு. பழுதுபார்த்துப் பாதுகாக்கும் பக்கம் போவதென்றால் வேதியியலும் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு பொருள் யார் யார் கைமாறி வந்தது என்று தேடும் வேலை. ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-ல் வாங்கிய சோழர் கால நடராஜர், தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டவர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு அதை உறுதிசெய்ய முடிந்தது. 2014-ல் சிலை இந்தியா திரும்பியது. இந்தப் படிப்பால் என்ன பயன் என்று அடுத்து யாராவது கேட்டால் இதைச் சொல்.

விண்ணப்பக் கட்டுரையின் முதல் வரியாக 'சிறு வயதிலிருந்தே எனக்குக் கலையில் ஆர்வம்' என்று எழுதியிருந்தால் அடித்துவிடு. நீ பார்த்த ஒரு படைப்பையும், அதில் உனக்கு இன்னும் விடை கிடைக்காத ஒரு கேள்வியையும் அந்த இடத்தில் எழுது. அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தி