அம்மாவின் சேலைகளை வெட்டப் போகிறேன், அக்கா

அன்புள்ள அக்கா,

அம்மாவின் ஆட்டைத் திவசம் வருவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். போனில் முடியவில்லை. சேலைப் பேச்சை எடுத்ததுமே நீங்கள் அழுவீர்கள், நான் வாயை மூடிக்கொள்வேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அலுமாரியைத் திறக்கப் போகிறேன். கத்தரிக்கோலும் எடுக்கப் போகிறேன்.

போன கிழமை இங்கே திருகோணமலையில், உவர்மலைப் பக்கம் ஒரு சின்னக் கலைக்கூடத்தில் குவில்ட் கண்காட்சி வைத்திருந்தார்கள். மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பெண்கள் தைத்தவை. கட்டிலில் விரிக்க இல்லை, சுவரில் மாட்டுவதற்கு. மேலே துண்டுத் துணிகளால் ஆன படம், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி, மூன்றையும் சேர்த்துக் கையாலேயே நூலோட்டம் போட்டிருக்கிறார்கள். தையல் ஓடிய இடம் பள்ளமாகி மற்ற இடம் புடைத்து நிற்கிறது. கோணேசர் மலையைத் தைத்திருந்த குவில்டில் பாறை வெடிப்புகள் எல்லாம் வெறும் தையலால் வந்தவைதான்.

கிண்ணியாப் பெண் ஒருவர் தன் கணவரின் பழைய சாரங்களை வெட்டிக் கடல் செய்திருந்தார். நீலக் கட்டம், பச்சைக் கட்டம், வெளுத்துப்போன கட்டம். அதன் மேல், 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் நாங்கள் ஏறிப் போன அந்தப் பாதை, ஆட்களை அக்கரை சேர்த்த மிதவை. பாதையில் நின்ற ஆட்களுக்கு முகம் இல்லை, ஆளுக்கொரு துண்டுச் சட்டைத் துணி மட்டும். ஒரு துண்டில் பொத்தான் துளைகூட அப்படியே இருந்தது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவரே என் கையைப் பிடித்து அதில் வைத்தார்.

விளக்கம் சொன்ன பிள்ளை வங்காளத்துக் காந்தாவைப் பற்றியும் சொன்னது. பழைய சேலைகளை அடுக்கித் தைப்பார்களாம். நூலைக்கூடக் கடையில் வாங்காமல் சேலைக் கரையில் இருந்தே உருவி எடுப்பார்களாம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சொன்ன ஒன்றும் என் காதில் விழவில்லை.

நீங்கள் கிளம்புவதற்கு முந்தின இரவு. உங்களை நேரத்துக்குத் தூங்கச் சொல்லிவிட்டார் அம்மா. பிறகு அப்பா கடைசியாக எடுத்துக் கொடுத்த அந்த நீல வொயில் சேலையை மடியில் விரித்தார். கிழித்தால் வெளியே சத்தம் கேட்கும் என்று கத்தரிக்கோலால் மெதுமெதுவாக வெட்டினார். நான் குப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நீல நூல் இல்லை. வெட்டிய ஓரத்தில் இருந்தே ஒவ்வொரு இழையாக உருவினார். அறுந்து அறுந்து போனது. இரட்டையாக முறுக்கி, எச்சில் தொட்டு, ஊசியில் கோத்தார். "விளக்கை ஆட்டாதே" என்று மட்டும் சொன்னார். காலையில் நீங்கள் கட்டிக்கொண்டு போன உள்பாவாடைக்குள் இருந்த பை அதுதான். அடையாள அட்டையும் அம்மாவின் காப்பும் அதற்குள்தான் போயின. அது எந்தத் துணி என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

அந்தச் சேலையை அம்மா பிறகும் கட்டினார், வெட்டின பக்கத்தை உள்ளே சொருகிக்கொண்டு. "ஒன்றையும் தொடாதே, அப்படியே இருக்கட்டும்" என்று நீங்கள் சொன்ன சேலைகளில் அதுவும் ஒன்று.

அங்கே இருந்து சொல்வது சுலபம், அக்கா. இந்த உப்புக்காற்றில் மடித்து வைத்த பட்டு மடிப்பு மடிப்பாக இற்றுப்போகிறது. சரிகை கறுத்துவிட்டது. பூச்சி உருண்டை மாற்றுவதும் வெயிலில் காயவைப்பதும் நான். கடைசி மாதங்களில் அம்மாவைக் குளிப்பாட்டியதும் நான். மற்றதை எழுதவில்லை, ஊரில் பல பேர் இதை வாசிப்பார்கள். உங்கள் காசில்தான் அம்மாவின் மருந்து எல்லாம் வந்தது. இரட்டை வேலை செய்து அனுப்பினீர்கள். அதையும் அவர்கள் வாசிக்கட்டும்.

உங்களைக் கேட்காமல் முடிவெடுத்ததற்கு மன்னியுங்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் விட்டிருப்பேன். உங்களுக்காக வெட்டும்போது அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. பிறகு நான் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

இன்னொன்று. சிலி நாட்டுப் பெண்களைப் பற்றி ஒரு பலகை வைத்திருந்தார்கள். 1973இல் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, காணாமல் போனவர்களின் உடுப்புத் துண்டுகளைச் சாக்குத் துணியில் தைத்து, நடந்ததை எல்லாம் படமாக்கி, நாட்டுக்கு வெளியே கடத்தி அனுப்பினார்களாம். அந்தப் பலகைக்கு முன்னால் நின்ற நம் ஊர்ப் பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அண்ணாவின் வெள்ளைச் சட்டையைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதை வெட்டவும் மாட்டேன்.

கூறைச் சேலையையும் வெட்டமாட்டேன். உங்கள் மகளுக்கு வேண்டுமென்றால் மயில்பச்சையை முழுதாகவே அனுப்புகிறேன். மற்றவை எல்லாம் சேர்ந்து ஒரே குவில்டாக வரும். நடுவில் அந்த நீல வொயிலை வைக்க நினைத்திருக்கிறேன். அதில் ஒரு சாண் குறைகிறது. அந்தப் பை இன்னும் உங்களிடம் இருந்தால், காப்பை நீங்களே வைத்துக்கொண்டு துணியை மட்டும் அனுப்புங்கள். எறிந்துவிட்டீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். படத்தை அதற்கேற்றபடி மாற்றிக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை