ஐந்தாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கும் கூடவே மற்ற எல்லோருக்கும் நன்றி

என் மகளுக்குச் சத்தம் கேட்க வைத்தது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்த காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷன், அதாவது உள்காதுக்குள் மின்முனைகள் வைத்து மெஷின் மூலம் கேட்க வைக்கிற சிகிச்சை. அந்த டாக்டர்களுக்கு அப்போதே நன்றி சொல்லியாகிவிட்டது. இரைச்சலுக்கு நடுவிலும் அவளுக்குப் பேச்சைப் புரிய வைத்தது நீங்கள்தான், அதனால் இந்த மடல் உங்களுக்கு.

அமைதியான வீட்டில் பின்னால் நின்று கூப்பிட்டாலே திரும்புவாள். அதைப் பார்த்தவர்கள் “நல்லாத்தானே கேட்குது, கிளாஸ்ல மட்டும் ஏன் கவனிக்க மாட்டேங்கிறா?” என்பார்கள். உள்காதில் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் செய்கிற வேலையை அவளுக்கு 22 மின்முனைகள் செய்கின்றன. பல குரல்களில் ஒன்றைப் பிரித்தெடுக்க நமக்கு உதவுகிற சுருதி நுணுக்கம் அதில் பெரும்பகுதி வந்து சேராது, வலது காதில் மட்டும் மெஷின் என்பதால் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் சரியாகப் பிடிபடாது, இதற்கிடையில் ஃபேன், பெஞ்சு இழுபடும் சத்தம், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு எல்லாம் டீச்சர் குரலோடு குழைந்து ஒன்றாகிவிடும். இதை ஒரே தடவை சொன்னதும் புரிந்துகொண்டவர் எங்கள் கிளாஸ் டீச்சர்.

டீச்சர், ரோட்டுப் பக்க ஜன்னல் அவளுடைய இடது காதுக்கும் வகுப்பு முழுக்க வலது காதுக்கும் வருகிற மாதிரி இரண்டாவது பெஞ்சில் உட்கார வைத்தீர்களே, அது ஒன்றே பெரிய உதவி. அப்புறம் அந்த ஒயர்லெஸ் மைக். தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் அளவுக்குக் குறையும், தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேன் சத்தம் அப்படியே இருக்கும். மைக் உங்கள் கழுத்தில் இருந்ததால் கரும்பலகைப் பக்கமிருந்தும் உங்கள் குரல் நேராக அவள் மெஷினுக்குப் போனது. வேறு பிள்ளை பதில் சொல்லும்போது மைக்கை அந்தப் பிள்ளை கையில் கொடுப்பீர்கள், இல்லாவிட்டால் பதிலைத் திருப்பிச் சொல்வீர்கள். இதை யாருமே உங்களிடம் கேட்கவில்லை.

பெஞ்சுக் கால்களுக்கு பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிக் கொடுத்த அந்த சைக்கிள் கடை அப்பாவுக்கும், அதற்குச் சரி என்ற ஹெச்.எம். சாருக்கும் நன்றி. வகுப்புப் பிள்ளைகளே, கத்தினால் புரியாது, முகம் பார்த்து நிதானமாகச் சொன்னால்தான் புரியும் என்று பெரியவர்களுக்கே நீங்கள் பாடம் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஷேர் ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி, இன்ஜினை ஆஃப் செய்த பிறகுதான் அவளிடம் ஏதாவது சொல்வார். டிவியை அணைத்துவிட்டுக் கதை சொல்லப் பழகிய அப்பத்தாவுக்கும்.

கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் மேடம், அமைதியான ரூமில் வந்த மார்க்கோடு விடாமல், இரைச்சலை ஓடவிட்டும் சோதித்து, அதற்கென்று மெஷினில் தனி புரோகிராம் போட்டுத் தந்தீர்கள். சாயங்காலம் அவள் சோர்ந்து படுப்பது சோம்பல் இல்லை, நாள் முழுக்கக் கூர்ந்து கேட்ட களைப்பு என்று நீங்கள் சொன்ன பிறகுதான் வீட்டில் டியூஷன் பேச்சே நின்றது.

ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு டீச்சர். அவர்களுக்காக எங்கள் டீச்சர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு கணக்கு சார் இன்று போன் செய்து, மைக்கை எப்படி சார்ஜ் போடுவது என்று கேட்டார். சார், உங்களுக்கும் இப்போதே நன்றி.