லாவெண்டர் ஆர்பிங்டனின் வாலை விரித்துப் பாருங்கள்: கோழிக் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோழிக் கண்காட்சி நடுவர்களுக்கும் அமைப்புக் குழுவினருக்கும் வணக்கம்.

லாவெண்டர் (வெளிர் சாம்பல்) நிற ஆர்பிங்டன் இனக் கோழிகளை இனவிருத்தி செய்பவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: எங்கள் பறவைகளுக்கு நிறத்தை மட்டும் பார்த்துப் பரிசு கொடுக்காதீர்கள். இந்தக் கோழியில் ஆகச் சுலபமாகக் கிடைப்பது நிறம்தான். லாவெண்டர் சேவலையும் லாவெண்டர் பெட்டையையும் சேர்த்தால் பொரிக்கிற குஞ்சு அத்தனையும் லாவெண்டர். அதில் வளர்ப்பவரின் கைத்திறன் எதுவும் இல்லை. கைத்திறன் தெரிவது வாலில், எடையில், இறகின் அகலத்தில். இந்த நிறத்தில் முதலில் கெட்டுப்போவதும் இவைதான். கூண்டுக்கு வெளியே நின்று பார்த்தால் இவற்றில் ஒன்றும் சரியாகத் தெரியாது.

முதலில் நீலத்தையும் லாவெண்டரையும் பிரித்துவிடுவோம். நீல ஆர்பிங்டனுக்கு இறகைச் சுற்றிக் கருங்கரை ஓட வேண்டும். சேவலின் கழுத்தும் முதுகும் உடம்பைவிட நன்றாக இருண்டிருக்கும். அதே அளவுகோலை எடுத்து வந்து, கரை இல்லை என்று லாவெண்டருக்கு மதிப்பெண் குறைப்பது இன்னும் நடக்கிறது. லாவெண்டரில் கரை இருந்தால்தான் குறை. தலை முதல் வால் நுனி வரை ஒரே சாம்பல், கழுத்திலும் அதே சாம்பல். இரண்டும் வேறு வேறு ஜீன்கள். நீல ஜீன் ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும். நீலத்தை நீலத்தோடு சேர்த்தால் சராசரியாகக் கால் பங்கு கறுப்பு, பாதி நீலம், கால் பங்கு ஸ்பிளாஷ் (வெளிறிய உடம்பில் நீலத் தெறிப்புகள்) வரும். லாவெண்டர் ஒடுங்கு ஜீன். அப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி சேர்ந்தால்தான் தெரியும். உடம்பில் நிறமி உண்டாவதில் அங்கே பழுதில்லை. நிறமித் துகள்களை உயிரணுவுக்குள் நகர்த்திக் கொடுக்கும் மெலனோஃபிலின் என்ற புரதம் பழுதாகிவிடுவதால், துகள்கள் வளரும் இறகுக்குள் சீராகப் போய்ச் சேர்வதில்லை. கறுப்பு சாம்பலாவது அதனால்தான். நீலம், லாவெண்டர் இரண்டின் விளைவும் ஒன்றாகச் சேர்ந்துவிட்ட பறவை இன்னும் வெளிறி நிற்கும். அதை 'வெளிர் லாவெண்டர்' என்று யாராவது கொண்டுவந்தால் தயவுசெய்து பின்னுக்குத் தள்ளுங்கள். அதன் வம்சத்தில் பிறகு எது நீலம், எது லாவெண்டர் என்று பிரித்தெடுப்பதற்குள் தலைமுறைகள் போய்விடும்.

இனி வால். மடல் எழுதக் காரணமே அதுதான்.

லாவெண்டர் பறவைகளில் வால் இறகு நார் நாராக நைந்துபோவது பரவலான குறை. சேவலின் நீண்டு வளைந்த இறகுகளில் அது அதிகம். சில பறவைகளில் இறக்கையின் பெரிய இறகுகளுக்கும் வரும். இறகின் நடுத்தண்டிலிருந்து இரு பக்கமும் கிளம்பும் இழைகளை நுண்ணிய கொக்கிகள் ஒன்றோடொன்று பூட்டி வைத்திருக்கின்றன. நல்ல இறகில் இழைகளை நகத்தால் பிரித்துவிட்டு, இரு விரல்களுக்கிடையே அடியிலிருந்து நுனிக்கு நீவிப் பாருங்கள். பிரித்த இடம் தெரியாமல் மூடிக்கொள்ளும். நைந்த இறகில் எத்தனை முறை நீவினாலும் மூடாது. விளிம்பு பல் உதிர்ந்த சீப்பு மாதிரி நிற்கும்.

இதைப் பல நடுவர்கள் கூண்டுக் கம்பியில் உரசிய சேதம் என்று எடுத்துக்கொண்டு, பராமரிப்புக் கணக்கில் ஒன்றிரண்டு மதிப்பெண் மட்டும் குறைக்கிறார்கள். உரசல் சேதம் பெரும்பாலும் நுனியில்தான் இருக்கும், தண்டே முறிந்திருக்கும், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். பிறவிக் குறை அப்படி இல்லை. இடமும் வலமும் ஒன்றுபோல, தண்டு முறியாமல் இழை மட்டும் போயிருக்கும். இறகு உதிர்ந்து புதிதாக முளைப்பதும் அதே கதிதான். தீவனத்தின் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. இறகின் பெரும்பகுதி புரதம்தான். இறகு மாற்றும் பருவத்தில் புரதமோ, புரதத்தின் ஒரு கூறான மெத்தியோனினோ குறைந்தால் இறகு நலிந்து முளைக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரே அடைப்பில் ஒரே தீவனம் தின்று வளர்ந்த கறுப்புக் கூடப்பிறந்தது முழு வாலோடு நிற்க, லாவெண்டர் மட்டும் நைந்து நின்றால் தீவன மூட்டையைக் குறை சொல்ல முடியாது.

நைந்த வால் லாவெண்டர் ஜீனின் விளைவே அல்ல, அதற்குப் பக்கத்திலேயே இருந்து கூடவே வரும் வேறொன்றின் வேலை என்று பல வளர்ப்பாளர்கள் கருதுகிறார்கள். ஒழுங்கான வாலுள்ள லாவெண்டர்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆகவே தேர்ந்தெடுத்துத் திருத்த முடியும். வழி ஒன்றுதான்: நல்ல இறகுள்ள கறுப்பு ஆர்பிங்டனுக்குத் திரும்பப் போவது. கறுப்போடு சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்கக் கறுப்பு. லாவெண்டரை உள்ளே மறைத்து வைத்திருக்கும் ஸ்ப்ளிட்டுகள். அவற்றில் வாலும் உடற்கட்டும் சிறந்தவற்றைப் பொறுக்கி மறுபடி லாவெண்டரோடு சேர்த்தால் பாதி லாவெண்டர், பாதி கறுப்பு வரும். அந்தக் கறுப்பெல்லாம் நிச்சயம் ஸ்ப்ளிட்தான், சந்தேகமே வேண்டாம். ஸ்ப்ளிட்டை ஸ்ப்ளிட்டோடு சேர்த்தால் 40 குஞ்சுக்குச் சராசரியாக 10 லாவெண்டர், அதில் சேவல் ஐந்து. பொறுக்கி எடுக்க ஐந்து போதாது. வருகிற 30 கறுப்பில் எது ஸ்ப்ளிட் என்று பார்வைக்கும் தெரியாது. லாவெண்டரோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும். ஏழு குஞ்சும் கறுப்பாகவே வந்தால், அது ஸ்ப்ளிட்டாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஸ்ப்ளிட் ஒன்று அப்படிப் போக்குக் காட்ட 128இல் ஒரு வாய்ப்புதான்.

இந்த வேலைக்கு ஒரு முழுத் தலைமுறை கறுப்புப் பறவைகளாகவே போய்விடும். அந்த ஆண்டு கண்காட்சியில் காட்ட ஒன்றும் இருக்காது. நிறத்துக்கு மட்டும் பரிசு என்றால் எவர் அதைச் செய்வார்? லாவெண்டரை லாவெண்டரோடே சேர்த்துக்கொண்டு போகிறவர் ஒவ்வொரு ஆண்டும் கோப்பை வாங்குகிறார், வாலும் ஒவ்வொரு ஆண்டும் மோசமாகிறது. கோப்பை வாங்கிய சேவலின் குஞ்சுகளை எல்லாரும் வாங்கிப்போவதால் ரத்த உறவும் நெருங்குகிறது. ஒரு சேவலும் பத்துப் பெட்டையும் மட்டுமே உள்ள கூட்டத்தில் உள்ளினப் பெருக்கம் தலைமுறைக்கு ஏறக்குறைய 14 சதவீதம் கூடும்; நான்கு சேவல், எட்டுப் பெட்டை வைத்தால் 5 சதவீதத்துக்குள் நிற்கும்.

ஆகவே நடுவர்களே, பறவையைக் கூண்டிலிருந்து எடுங்கள். உள்ளங்கை நெஞ்செலும்புக்கு அடியில், கால்கள் விரல்களுக்கிடையில், தலை உங்கள் பக்கம். வாலை விசிறியாக விரியுங்கள். இறக்கை இரண்டையும் திறந்து, முதல்நிலை இறகுக்கும் (நுனிப்பக்கப் பெரிய இறகுகள்) இரண்டாம்நிலை இறகுக்கும் (உடம்புப் பக்க இறகுகள்) நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இறகு மாற்றும் பருவமே இல்லாதபோது, பழைய வாலின் நடுவில் ஒன்றிரண்டு இறகு மட்டும் அடியில் ரத்தம் தெரிய முளைத்துக்கொண்டிருந்தால், நைந்ததைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பிடுங்கிய இடத்தில் புதிது வளர ஏழெட்டு வாரம் ஆகும். கண்காட்சி தேதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, சேவலின் கழுத்திலும் முதுகிலும் தோளிலும் படரும் வைக்கோல் மஞ்சள். வெயிலும் மழையும் பட்டாலும் நிறம் மங்கும். ஆனால் நிழலில் வளர்ந்து, புதிதாக முளைத்த இறகின் அடிவரை மஞ்சள் இருந்தால் அது பிறவி. கறுப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் பொன்னிறத்தை லாவெண்டர் ஜீன் வைக்கோலாக்கிக் காட்டுகிறது. பொன்னுக்கு எதிரான வெள்ளி ஜீன் பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டை தன்னிடம் இருப்பது பொன்னோ வெள்ளியோ, அதைத் தன் மகன்களுக்கு மட்டுமே கொடுக்கும். பொன் சுமக்கும் பெட்டை, பார்வைக்குச் சுத்தமாகவே இருந்துகொண்டு மகன்களில் குறையைக் காட்டும். ஊதா ஷாம்பு போட்டு மஞ்சளை மறைத்திருப்பார்களோ என்று தோன்றினால் ஈர வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மஞ்சள் பல்பு எரியும் கொட்டகையில் மட்டும் இந்தத் தீர்ப்பைச் சொல்லாதீர்கள். சுத்தமான பறவையும் அங்கே மஞ்சளாகத்தான் தெரியும். பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள்.

எடைக்கு மேசையில் ஒரு தராசு போதும். அமெரிக்கத் தரநூல் ஆர்பிங்டன் சேவலுக்கு 10 பவுண்டு, பெட்டைக்கு 8, இளஞ்சேவலுக்கு 8½, வெடைக்கு 7 என்கிறது. சேவல் ஏறத்தாழ நாலரைக் கிலோ வர வேண்டும். இந்த இனத்தின் பொசுபொசு இறகு எலும்புக் கூட்டைக்கூட மறைத்துவிடும். கண்ணை நம்பாமல் நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள்.

அமைப்புக் குழுவினரிடம் கேட்பது: கூட்டுப் பிரிவு ஒன்று தொடங்குங்கள். ஒரே பண்ணையில் பொரித்த ஒரு லாவெண்டர் இளஞ்சேவல், இரண்டு லாவெண்டர் வெடைகள், அவற்றின் கறுப்பு ஸ்ப்ளிட் உறவு ஒன்று. நான்கின் கால் வளைய எண்களும் பதிவில் இருக்கட்டும். நான்கையும் ஒன்றாக நிறுத்தினால் யார் கறுப்புக்குத் திரும்பி வேலை செய்திருக்கிறார் என்பது வால்களை வைத்தே தெரிந்துவிடும். தனிப்பறவைப் பிரிவில், நைந்த வாலைப் பராமரிப்புக் குறையாக எழுதாமல் பிறவிக் குறையாகவே எழுதுங்கள். மூன்று பெரிய வால் இறகுகளுக்கு மேல் மூடாமல் நின்றால் முதல் பரிசு இல்லை என்று விதியிலேயே சேருங்கள். அந்தப் பிரிவில் ஒரே ஒரு பறவைதான் வந்திருக்கிறது என்றாலும் சரி, முதல் பரிசைக் கொடுக்காமலே வைத்திருங்கள். எந்த இறகில் என்ன கண்டீர்கள் என்று கூண்டு அட்டையில் ஒரு வரி எழுதிவிட்டால், அடுத்த பருவத்துக்கு எந்தச் சேவலை நிறுத்துவது என்று முடிவு செய்ய எங்களுக்கு அது உதவும்.

இப்படிக்கு,
லாவெண்டர் ஆர்பிங்டன் வளர்ப்போர்