அடுத்த வேளையைத் தவறவிடாதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். சிகிச்சை ஏழு வாரம் ஒழுங்காகப் போன பிறகு, முந்தைய இரவு மீண்டும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டுவிட்டதாக நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். அதற்குக்கூட நான் அவ்வளவு கலங்கவில்லை. "நாளைக்கு முழுக்கப் பட்டினி கிடந்து சரிக்கட்டிவிடுகிறேன் அப்பா" என்று கடைசியில் சொன்னாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த நேரத்தில் சரியான பதில் வாயில் வரவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

உன் ஆலோசகர் ஒருமுறை என்னையும் அழைத்திருந்தபோது ஒரு தாளில் வட்டம் வரைந்து காட்டினார் அல்லவா? அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மேலே உணவுக் கட்டுப்பாடு, வலப்பக்கம் பசி, கீழே அளவின்றி உண்ணுதல், இடப்பக்கம் குற்ற உணர்வு. அங்கிருந்து அம்புக்குறி மறுபடியும் கட்டுப்பாட்டுக்கே ஏறும். இந்த வட்டத்தை எங்கே அறுக்கலாம் என்று அவர் கேட்டபோது, சற்றும் யோசிக்காமல் அளவின்றி உண்ணும் இடத்தில் விரலை வைத்தேன். அவர் பென்சிலை மேலே கொண்டுபோய், கட்டுப்பாட்டுக்கும் பசிக்கும் நடுவே குறுக்காகக் கோடு போட்டார். நேற்று நீ பேசியதைக் கேட்டபோது, அந்தக் கோட்டை நீயே அழிப்பதுபோல் இருந்தது எனக்கு.

நீ இரவு உணவைத் தவிர்த்த நாட்களில் மன உறுதி என்றால் இதுதான் என்று பாராட்டியவன் நான். புத்தக அலமாரியின் பின்னால் வெற்றுப் பொட்டலங்களைக் கண்ட அன்று, வாயைக் கட்ட முடியாதா என்று கேட்டவனும் நான்தான். ஒவ்வொரு பொட்டலமும் சத்தம் வராதபடி நான்காக மடித்துச் செருகப்பட்டிருந்தது. அந்த மடிப்பில் இருந்த வெட்கத்தை அன்று நான் பார்க்கவில்லை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இது மன உறுதிக் குறைவு அல்ல என்பதை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1945இல் உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். பிறகு உணவு தாராளமாகக் கிடைத்தபோது, அவர்களில் சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட பின்னும் பசிக்கிறது என்றார்கள். பட்டினி போட்ட உடல் அப்படித்தான் கேட்கும். உனக்கு இருக்கும் அளவின்றி உண்ணும் கோளாறைத் (binge eating disorder) தனியொரு நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் மனநோய்க் கையேட்டில் சேர்த்ததே 2013இல்தான். அதுவரை எத்தனை பேரை வெறும் பேராசைக்காரர்கள் என்று வீட்டிலேயே ஏசியிருப்பார்களோ!

ஒரு நாளைக்கு மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுண்டி, எந்த இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று உன் ஆலோசகர் உனக்கு வகுத்துக் கொடுத்தாரே, அதை முதலில் நான் பத்தியம் என்றுதான் நினைத்தேன். பத்தியம் எதைத் தின்னக் கூடாது என்று சொல்லும். இதுவோ எப்போது கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று சொல்கிறது. நெடுநாள் குலைந்து கிடந்த பசியும் நிறைவும் இப்போதைக்கு நம்பக்கூடிய வழிகாட்டிகள் அல்ல என்பதால், அவை சீராகும் வரை கடிகாரம்தான் உனக்குத் துணை. முந்தைய இரவு என்ன நடந்திருந்தாலும், காலையில் பசியே இல்லாவிட்டாலும், குறித்த நேரத்தில் குறித்த உணவைச் சாப்பிட வேண்டும் என்பதே இதில் கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. சாப்பிட்டதைச் சாப்பிடாமல் ஈடுகட்டப் போனால், அடுத்த இரவின் பசியை நீயே தயார் செய்து வைக்கிறாய்.

உன் குறிப்பேட்டில் அந்த இரவையும் எழுது. நேரம், இடம், சாப்பிட்டது, அளவு மீறியதாகத் தோன்றினால் ஒரு நட்சத்திரக் குறி, பக்கத்தில் அப்போது மனத்தில் ஓடியது. பக்கத்தைக் கிழித்துவிடாதே. அன்று மதிய உணவு தவறிப்போயிருந்ததா, வேலையிடத்தில் யாராவது ஏதேனும் சொன்னார்களா என்பதெல்லாம் அந்த வரிகளில்தான் கிடைக்கும். ஆலோசகருக்கு வேண்டியதும் அதுதான். அவரை ஏமாற்றிவிட்டதாக எண்ணி அடுத்த சந்திப்பைத் தள்ளிப்போடாதே. இவ்வகைச் சிகிச்சை பொதுவாக 20 வாரம் போகும். ஏழாவது வாரத்துச் சறுக்கல் அவருக்குப் புதிதாக இருக்காது.

இனி உன் எடையைப் பற்றி நான் கேட்கமாட்டேன், எவ்வளவு சாப்பிட்டாய் என்றும் கேட்கமாட்டேன். நேரத்துக்குச் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன். அதுவும் வேண்டாம் என்றால் சொல்லிவிடு.

இதை நீ படிக்கும்போது எந்த வேளையாக இருந்தாலும், அடுத்து வரும் வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடு. தனியாக முடியாது என்று தோன்றினால் அழைப்பு கொடு. நானும் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்காருகிறேன். எதுவும் பேச வேண்டியதில்லை.

உன் அன்பு அப்பா